தூணில் வெட்டிய கோடு

பத்தாம் வகுப்பு வராந்தாவில் ஒரு கல்தூண். என் மார்பு உயரத்தில் அதன் குறுக்கே உளியால் வெட்டிய ஒரு கோடு, கோட்டுக்குள் சிவப்புப் பெயிண்ட். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் சாக்பீஸில் எழுதிய எண்கள். மேலே கொத்தாக நிறைய, கீழே சிதறலாகச் சில. வேலையில் சேர்ந்த அன்று, கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்த என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பையன்கள் கிறுக்கியது என்று நினைத்து, "இதையெல்லாம் துடைக்கறதில்லையா?" என்று பியூனிடம் கேட்டேன். மனிதர் பதறிப்போனார். "ஐயய்ய, தொட்றாதீங்கம்மா! பெரிய சார் எழுதனது. கோட்டுக்கு மேல கீறவன் பாஸு, கீழ கீறவன் பெயிலு" என்றார். அப்போது ஆகஸ்ட் மாதம். பரீட்சைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. அதற்குள் எப்படி ஐயா பாஸும் பெயிலும் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பெரிய சார் என்றால் எங்கள் தலைமையாசிரியர். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில் பிரிந்து உள்ளே போக வேண்டிய ஊர் அது. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. என்பது போய், பத்தாம் வகுப்பே எஸ்.எஸ்.எல்.சி. ஆகியிருந்த புதிது. நான் காஞ்சிபுரத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். பி.எட். முடித்த கையோடு கணக்கு டீச்சராக இந்த ஊருக்கு வந்து விழுந்தேன். நெல்லுக்கும் புல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அதைச் சொல்லி ஸ்டாஃப் ரூமில் என்னை ஓட்டாத ஆள் கிடையாது.

பெரிய சார் அந்த ஊர்க்காரர். காலையில் வயலைச் சுற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் வருவார். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, நகக் கண்ணில் மட்டும் சேறு. மாதத்தின் முதல் திங்கள்கிழமை பிரேயர் முடிந்ததும் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்துகொண்டு தூணுக்கு முன்னால் வந்து நிற்பார். பத்தாம் வகுப்பு மொத்தமும் மூச்சு விடாமல் பின்னால் நிற்கும். ஒவ்வொரு பிள்ளையின் எண்ணாகத் துடைத்து, இந்த மாதம் எந்த உயரமோ அந்த உயரத்தில் எழுதுவார். வருகை, இங்கிலீஷ், கணக்கு. இந்த மூன்றைத்தான் பார்ப்பார். "மத்ததெல்லாம் எப்படியாச்சும் தேத்திக்கும் டீச்சரம்மா. புள்ளைங்கள முழுங்கறது இந்த மூணுதான்" என்பார். இங்கிலீஷும் கணக்கும் சரி, வருகை எப்படிப் பிள்ளையை முழுங்கும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கார்த்திகை மாதம் தேவைப்பட்டது. அந்த ஊர் ஏரியின் மதகடியில் ஓர் அளவுக்கல் உண்டு. கோடு வெட்டிய கல். மழை ஓய்கிற சமயத்தில் ஊர்ப் பெரியவர்கள் போய்த் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதைப் பார்த்தாலே பயிர் அறுவடை வரைக்கும் போய்ச் சேருமா, நடுவிலே காயுமா என்று சொல்லிவிடுவார்கள். பெரிய சாரின் அப்பாவும் தாத்தாவும் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் பயிர் வைத்தார்களாம். "பங்குனில பயிர் காஞ்சப்பறம் கத்தி இன்னா புண்ணியம்? கார்த்திகையிலயே பாத்துக்கணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். நெல்லுக்குச் சொல்கிறாரா பிள்ளைகளுக்குச் சொல்கிறாரா என்று பல சமயம் தெரியாது.

அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நானே இரண்டு வருடத்தில் வாயை மூடிக்கொண்டேன். கோட்டுக்குக் கீழே எண் போன பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே சைக்கிளில் போய் நிற்பார். மாடு மேய்க்க நிறுத்திவிட்ட பையனை, அவன் அப்பாவிடம் சண்டை போட்டு இழுத்து வருவார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கீழ் எண்களுக்கு மட்டும் தனி வகுப்பு. இங்கிலீஷ் அவர், கணக்கு நான். அந்த இரண்டு வருடமும் கோட்டுக்குக் கீழே கிடந்த பாதிப் பேரைத் தூக்கி மேலே போட்டோம். அந்தக் கோடு எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், விழப்போகிற பிள்ளையை முன்னாடியே பார்த்துப் பிடித்துக்கொள்வதற்கு என்று நான் மார் தட்டிச் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் வருடம் வந்தாள் முப்பத்தொன்று. பெயர் சொல்ல மாட்டேன், வருகைப் பதிவு எண் அது. ஏரிக்கரைக்குக் கீழே, கடைசி வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்த இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். அந்தக் குடியிருப்பில் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்த முதல் ஆள். பெரிய சூட்டிகை என்றெல்லாம் கதை விட மாட்டேன். இங்கிலீஷ் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கணக்கு நிதானமாக வரும். தப்பு போட்டுவிட்டால் பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். "சிரிச்சா விடை மாறிடுமாடி?" என்றால் இன்னும் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. மாதம் இரண்டு முறை அந்தப் பக்கம் ஊசி போட வருகிற நர்ஸம்மாவைப் போல ஆக வேண்டும். நர்ஸம்மா சைக்கிளில் வருவாள், பின்னால் கேரியரில் மருந்துப் பெட்டி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால்தான் அந்த டிரெய்னிங்கில் சேர்ப்பார்கள் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். "டீச்சர், டிரெய்னிங் முடிச்சா சைக்கிளு அவுங்களே குடுப்பாங்களா, நாம வாங்கிக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். "முதல்ல பாஸ் பண்ற வழியப் பாரு, அப்புறம் மணி அடிக்கலாம்" என்றேன். அவள் வீட்டில் ஓர் அத்தை, பிரசவத்தில் வண்டி கிடைக்காமல் உத்திரமேரூர் ரோட்டிலேயே செத்துப் போனவள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசி முழுக்க மேகம் வந்து வந்து போயிற்று. அந்தச் சமயத்தில்தான் மாவட்டக் கல்வி அதிகாரி வந்தார். உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க யாரோ விருந்தாளியை அழைத்து வந்தவர், போகிற வழியில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் எட்டிப் பார்த்தார். தூணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பெரிய சார் விளக்கிச் சொல்லச் சொல்ல, "பேஷ், பேஷ்" என்று தலையாட்டினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி, கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களை என்ன செய்யப் போறீங்க?" தனி வகுப்பு நடத்துகிறோம் என்று பெரிய சார் ஆரம்பித்தார். அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. "இந்த வருஷம் நூத்துக்கு நூறு காட்டுங்க சார். பிளஸ் டூ உங்க ஊருக்குத்தான். நானே எழுதறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பிளஸ் டூ என்றால் அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது புரியாது. பத்து முடித்த பெண் பிள்ளைகளை உத்திரமேரூருக்கு பஸ்ஸில் அனுப்ப அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் துணிச்சல் கிடையாது. பத்தோடு சரி. பெரிய சாரின் சொந்த மகளே அப்படிப் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார்ந்தவள்தான். அதிகாரி போன பிறகு அவர் தூணிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நம்ம ஊருக்குப் பிளஸ் டூ வந்துட்டா எத்தினி பொட்டப் புள்ளைங்க படிக்கும் டீச்சரம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

கார்த்திகை முடிகிற வாரம் மதகடியில் ஊர்க் கூட்டம். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு நீர்க்கட்டியின் வீடு. மடை திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வேலை அவருக்கு. அவர் மனைவியோடு வேடிக்கை பார்க்க நானும் போனேன். பெரிய சார் சட்டை இல்லாமல் துண்டு மட்டும் போட்டு நின்றிருந்தார். தண்ணீர் கல்லில் வெட்டிய கோட்டுக்கு இரண்டு சாண் கீழே நின்றது. நீர்க்கட்டி கல்லைப் பார்த்தார், பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் தலையசைத்தார். "கடைமடைக்கு இந்த வருசம் தண்ணி கெடையாது" என்று நீர்க்கட்டி சொன்னார். அவ்வளவுதான் கூட்டம். கடைமடையில் நிலம் வைத்திருந்த நாலைந்து பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எல்லோருக்கும் பிரித்து விட்டால் ஒருவருக்கும் விளையாது, அதனால் கடைசியில் இருப்பதை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைக் காப்பாற்றுவது அந்த ஊர் வழக்கம். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் அந்த ஊர் சோறு தின்றது.

கடைமடையில் பயிர் இல்லை என்றால் அங்கே நடவும் இல்லை, களையும் இல்லை. அந்த நிலங்களை நம்பிக் கிடந்த குடியிருப்பு மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு, செங்கல்பட்டுப் பக்கம் பாலாற்றங்கரையில் இருந்த செங்கல் சூளைக்குப் போய்விட்டது. முப்பத்தொன்றும் போய்விட்டாள். அரையாண்டுப் பரீட்சையில் அவள் இடம் காலியாக இருந்தது. அடுத்த திங்கள்கிழமை பெரிய சார் அவள் எண்ணைத் துடைத்துக் கோட்டுக்கு வெகு கீழே எழுதினார். குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் வருகை எப்படிப் பிள்ளையை முழுங்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அந்த ஒண்ண விட்டுட வேண்டியதுதான் டீச்சரம்மா. வருகை பத்தாதுன்னு காட்டினா பரீட்சைக் கணக்குல வராது. மத்த எல்லாம் எப்படியும் கரையேறிடும்." எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இவர் மதகடியிலிருந்து கல்லை மட்டும் எடுத்து வரவில்லை, வழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார். அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. "சார், எங்க வீட்டுல பாவுல ஒரு இழை அறுந்தா தறிய நிறுத்திடுவாங்க. முடிச்சு போட்டுட்டுத்தான் அடுத்த மிதி. ஒரு இழைதானேன்னு விட்டா புடவை முழுக்கத் தெரியும்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தறிக்கு தண்ணி வேணாம் டீச்சரம்மா" என்றார்.

நான் விடுவேனா? "நிலத்துக்கு அடுத்த போகம் இருக்கு சார். அந்தப் பொண்ணுக்கு என்ன இருக்கு?" என்று கத்தினேன். பக்கத்திலிருந்த தமிழய்யா எழுந்து வெளியே போய்விட்டார். "அடுத்த வருசம் எழுதட்டுமே" என்றார் பெரிய சார். "அவ எங்க சார் வருவா அடுத்த வருஷம்? நான் போய் இட்டுக்கினு வரேன், நீங்க பேரை மட்டும் அனுப்புங்க" என்றேன். கோபம் வந்தால் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மொதல்ல அது வந்து உக்காரட்டும், பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம்.

பொங்கல் லீவில் சூளைக்குப் போனேன். பஸ் மாறி, இறங்கி, ஆற்று மணலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். முழங்கை வரைக்கும் சேறோடு அவள் அச்சில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் அம்மாதான் பேசினாள். "ஒரு கை கொறஞ்சா எங்களுக்கு பேஜாருதான் டீச்சர். பொண்ணு பாஸ் பண்ணிடும்னு நீ சொல்லு, இட்டுக்கினு போ. பண்ணாதுன்னா வுட்டுடு, இங்கியே கெடக்கட்டும்." பண்ணிடுவா என்று சொன்னேன். எதை நம்பிச் சொன்னேன் என்றால், அந்தப் பெண்ணின் முகத்தை நம்பித்தான். அம்மாக்காரி சேற்றுக் கையை இடுப்பில் துடைத்துவிட்டு மகளின் தலையைக் கோதி அனுப்பினாள்.

அந்த இரண்டு மாதமும் முப்பத்தொன்று என் அறையில்தான் இருந்தாள். விடிந்ததும் வாசல் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு இங்கிலீஷ் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். "அந்த வேலையெல்லாம் உன்னை யாருடி கேட்டா?" என்று திட்டினாலும் கேட்க மாட்டாள். சாயங்காலம் பெரிய சாரே அவளுக்குத் தனியாக இங்கிலீஷ் நடத்தினார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு கட்டுரையை அவள் தட்டுத் தடுமாறி முழுசாக எழுதிக் காட்டிய அன்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, "துண்ணு, துண்ணு. மூளைக்குத் தெம்பு வேணுமில்ல" என்றார். பேர் போய்விட்டதா என்று நடுவில் ஒரு முறை கேட்டேன். "ஆபீஸ் விஷயம் நான் பாத்துக்கிறேன் டீச்சரம்மா" என்றார்.

திருப்புதல் தேர்வில் அவள் எல்லாப் பாடத்திலும் பாஸ். இங்கிலீஷில் மட்டும் மயிரிழையில். திங்கள்கிழமை பெரிய சார் நனைந்த கைக்குட்டையோடு வந்தார். கீழே குனிந்து அவள் எண்ணைத் துடைத்தார். நிமிர்ந்தார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு கோட்டுக்கு மேலே, ஒரு விரல் உயரத்தில், முப்பத்தொன்று என்று எழுதினார். பின்னால் நின்ற பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். அவள் பாவாடை நுனியைத் தேடினாள். அன்றைக்கு ஏதோ வேலை என்று பெரிய சார் பத்து மணி பஸ்ஸைப் பிடித்துக் காஞ்சிபுரம் போனார். மறுவாரமும் போனார்.

ஹால் டிக்கெட் கொடுத்த நாள். பெரிய சாரே வகுப்புக்கு வந்து எண்ணைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கொடுத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். இருபத்தொன்பது வாங்கினான். முப்பது வாங்கினாள். முப்பத்தொன்று எழுந்து நின்றுகொண்டாள், கை பாதி நீண்டுவிட்டது. பெரிய சார் கையிலிருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டு, "முப்பத்திரெண்டு" என்றார். முப்பத்திரண்டுக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "முப்பத்திரெண்டு, வாடா" என்றார் மறுபடி. அவள் நின்றபடியே இருந்தாள். கடைசி எண் வரைக்கும் அப்படியேதான் நின்றாள்.

அவர் அறைக்குள் நான் எப்படிப் போனேன், என்னென்ன பேசினேன் என்பதெல்லாம் எழுதக் கூடியதல்ல. அவர் தடுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு சொன்னார். மார்கழி முடிவதற்குள்ளேயே வருகைக் குறைவு, தேறவும் தேறாது என்று எழுதி அனுப்பிவிட்டாராம். சூளையிலிருந்து அவள் திரும்பி வரவே மாட்டாள் என்று நினைத்தாராம். திருப்புதல் தேர்வுக்குப் பிறகு இரண்டு முறை காஞ்சிபுரம் கல்வி ஆபீசுக்கு அலைந்து, எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டும் கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி அவருடைய காகிதத்தையே எடுத்து அவர் முன்னால் போட்டாராம். "இந்தப் பெண் தேறாதுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? தூண்ல அளந்து பார்த்தேன்னு வேற எழுதியிருக்கீங்களே?" என்றாராம்.

"அப்புறம் எந்த மூஞ்சியோட சார் அவ நம்பரைக் கோட்டுக்கு மேல எழுதினீங்க?" என்று கேட்டேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "மேல இருந்துச்சி, எழுதனேன். பொய்யா கீழ எழுதச் சொல்றியா?" என்று மேஜையைத் தட்டினார். அதுவரை என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை. பிறகு கைக்குட்டையை எடுத்தார், அது ஈரமாகவே இருந்தது. முகத்தை மூடிக்கொண்டார். கெட்ட மனுஷன் என்று திட்டிவிட்டு வெளியே வர முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அறைக்குப் போனால் அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கிய கணக்குப் புத்தகத்தை என் அலமாரியில் முன்பு இருந்த இடத்திலேயே வைத்திருந்தாள். "அடுத்த வருசம் எழுதலாம்னு பெரிய சாரு சொன்னாரு டீச்சர். ஒரு வருசம்தான?" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள், பாருங்கள். பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மாகிட்ட இன்னா டீச்சர் சொல்றது?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு. ஊரே மேளம் வைத்து வந்து பெரிய சாருக்கு மாலை போட்டது. மாலையோடு வராந்தாவில் நடந்து வந்தவர், தூணருகே வந்ததும் மாலையைக் கழற்றி பியூனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பிளஸ் டூ வரவில்லை. யார் எங்கே சொன்னார்களோ, அது வேறோர் ஊருக்குப் போயிற்று. ஆனால் கோடு மட்டும் பரவியது. எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து அந்த வட்டாரத்தில் இன்னும் சில பள்ளிக்கூடங்களிலும் கோடு போட்டார்கள். கல்தூண் இல்லாத இடத்தில் சுவரில் தார் பூசிப் போட்டார்கள். போன இடமெல்லாம் கோட்டோடு, கீழே இருக்கிறவங்களை என்ன செய்யப் போறீங்க என்ற அந்த அதிகாரியின் கேள்வியும் போயிற்று. பெரிய சார் ரிடையர் ஆகிற வரைக்கும் மாதம் தவறாமல் எழுதினார். கீழே போகிற எண்ணுக்காகச் சைக்கிளை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் அப்புறம் ஆபீஸ் பேச்சு தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது, அவள் வரவில்லை. ஆடி மாதம் நான் மறுபடி சூளைக்குப் போனேன். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது. இந்த முறை சேற்றுக் கையை ஒளிக்கவில்லை. "நல்லா கீறீங்களா டீச்சர்?" என்றாள். படிப்பைப் பற்றி நான் எடுத்த பேச்சை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது கூடவே கொஞ்ச தூரம் வந்தாள். "டீச்சர், கடசீல நானு மேலதான இருந்தேன்?" என்றாள். மேலதாண்டி இருந்த என்றேன். "எங்க வூட்டுக்காரரு நம்ப மாட்டேங்குறாரு. நீ எங்க பாஸ் பண்ணியிருக்கப் போறன்னு சிரிக்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க டீச்சர்."

அந்தப் பையன் கொஞ்சம் தள்ளி, கல் அறுக்கிற அச்சோடு குனிந்திருந்தான். மீசை அரும்பின வயசு. "தம்பி! இவ கோட்டுக்கு மேலதான் இருந்தா!" என்று கத்தினேன். சூளைச் சத்தத்தில் என்ன கேட்டதோ, என்ன புரிந்ததோ. யாரோ டீச்சர் ஏதோ சொல்கிறார்கள் என்று மரியாதையாக நிமிர்ந்து, சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அவள் அவனையே பார்த்து நின்றாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் போனபோது சூளை வேறெங்கோ மாறிவிட்டது என்றார்கள்.

போன தேர்தலுக்கு ஓட்டுப் போட அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. நான் அந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டவள். வரிசை வராந்தா வழியாக ஊர்ந்தது. தூணுக்கு எத்தனையோ முறை பெயிண்ட் அடித்துவிட்டார்கள், இப்போது மஞ்சள். ஆனால் உளியால் வெட்டிய கோட்டைப் பெயிண்ட் என்ன செய்யும்? பள்ளமாக அப்படியே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்தி தூணில் முதுகைச் சாய்த்து, உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நானு இன்னும் கீழதான் கீறேன்" என்று அலுத்துக்கொண்டாள். அவள் அம்மா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோடு எனக்கு அன்றைக்கு மார்பு உயரம், இன்றைக்குக் கூன் விழுந்து கிட்டத்தட்டத் தோளுக்கு வந்துவிட்டது. விரலை வைத்துத் தடவினேன். ஒரு விரல் மேலே தடவினேன், அங்கே வெறும் பெயிண்ட்தான்.

உள்ளே மேஜையில் இருந்த பையன், "நம்பர் சொல்லுங்கம்மா" என்றான்.

"முப்பத்தொண்ணு" என்றேன்.

அவன் போட்டோ போட்ட காகிதத்தில் விரலை ஓட்டினான். "அது உங்க பேரு இல்லையேம்மா" என்றான். என் எண் எழுதிய சீட்டு என் கையிலேயே இருந்தது. அதை அவனிடம் நீட்டினேன்.